பெண்களுக்கு மட்டும் பேய்ப்படம்

எனக்குப் பேய்ப்படம் பிடிக்கும். இதை வெளியே சொல்ல ஒரு காலத்தில் கூச்சப்பட்டிருக்கிறேன். சாமிப்படம் பிடிக்கும் என்று சொல்கிற பெண்ணுக்கு ஊரில் நல்ல பெயர். அழுகைப்படம் பிடிக்கும் என்றால் இளகிய மனசு என்பார்கள். பேய்ப்படம் என்றால் மட்டும் ஒரு அடி தள்ளி நின்று ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இந்த ருசி கொடைரோட்டில் தொடங்கியது. அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு டூரிங் டாக்கீஸ் வந்து கொட்டகை போட்டிருந்தது. மணல் தரை, நடுவே இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். ஐம்பதுகளின் நடுவில், நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் இருந்தபோது, அம்மாவும் நானும் ஒரு படத்துக்குப் போனோம். சாமிப்படம் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மா கூட்டிப்போயிருந்தாள்.

படத்தில் ஒரு பெரிய வீடு. கூடத்தில் ஒரு ஊஞ்சல். அதில் யாரும் இல்லை. ஆனால் அது ஆடியது. சங்கிலி கிறீச் கிறீச்சென்று சத்தம் போட, ஆளில்லாத ஊஞ்சல் முன்னும் பின்னும் போய்வந்தது. பெண்கள் பக்கத்தில் அத்தனை பேரும் முந்தானையை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அம்மா என் முகத்தையும் சேர்த்து மூடப் பார்த்தாள். நான் அவள் கையைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னால் மயிர் எழுந்து நின்றது. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயம் போய்விடக் கூடாதே என்றும் இருந்தது.

இடைவேளையில் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றாள். மாட்டேன் என்றேன். அம்மாவிடம் நான் சொன்ன முதல் மாட்டேன் அது. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். முடிவில் என்ன தெரிந்தது? சொத்துக்கு ஆசைப்பட்ட ஒரு சித்தப்பா பரணில் ஒளிந்துகொண்டு கயிறு கட்டி ஊஞ்சலை ஆட்டியிருக்கிறான். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து மறுநாள் அம்மா வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிவந்தாள். நான் அழுதது பேய் இல்லை என்று தெரிந்துபோனதற்காக என்பதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்தாயிற்று. பெரும்பாலும் எல்லாமே சித்தப்பாக்கள்தான். சில படங்களில் மாமா, ஒன்றிரண்டில் எஸ்டேட் மேனேஜர். மூன்று மணி நேரம் எங்களைப் பயமுறுத்திவிட்டு, கடைசிப் பத்து நிமிஷத்தில் முகமூடியைக் கழற்றி ஒரு மீசைக்காரனைக் காட்டுவார்கள். எனக்கு அது பந்தியில் உட்காரவைத்து இலையைப் போட்டு, எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு, சோறு மட்டும் இல்லை என்று சொல்வதுபோலத் தோன்றும். இருந்தாலும் போவதை நான் விடவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா ஓய்வு பெற, எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு வந்தோம். எதிர்வீட்டு அக்காவின் கணவர் தோல் வியாபாரி. மாதத்தில் பாதி நாள் மெட்ராஸில் இருப்பார். அக்கா வாணியம்பாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். உருது தாய்மொழி, தமிழும் சரளமாகப் பேசுவாள். சினிமா என்றால் உயிர். ஆனால் பயங்கொள்ளி. கரப்பான்பூச்சிக்குக்கூட நாற்காலிமேல் ஏறி நிற்பாள். எனக்குப் படத்துக்குத் துணை வேண்டும், அவளுக்கும் துணை வேண்டும். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, "டீச்சர், ரெடியா?" என்று வாசலில் வந்து நிற்பாள்.

ஒருமுறை ஊருக்கு ஒரு இந்திப் பேய்ப்படம் வந்தது. எனக்கு இந்தி தெரியாது. அவளுக்குப் படத்தைப் பார்க்கத் தைரியம் கிடையாது. மலைமேல் ஒரு பங்களா. அதன் முற்றத்தில் பலகை போட்டு மூடிய ஒரு கிணறு. அங்கே குடிவரும் இளைஞன் தினமும் காலையில் கதவைத் திறந்தால், கிணற்றடியிலிருந்து அவன் அறை வாசல்வரை ஈரக் காலடிகள் வந்திருக்கும். திரும்பிப் போன தடம் இருக்காது. அந்தக் காட்சி வந்ததும் அக்கா துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடியபடியே என் காதில் வசனத்தைத் தமிழில் சொன்னாள்.

"நீ யாருன்னு கேக்குறான்... அவ, நான் இங்கதான் இருக்கேன், எப்பவும் இங்கதான் இருந்தேன்னு சொல்றா... டீச்சர், இப்ப என்னா நடக்குது?"

"பலகை நகருது அக்கா. தானா நகருது."

"யா அல்லா! சொல்லாத! ...இல்ல, சொல்லு."

இப்படியாக அவள் எனக்குக் காதானாள், நான் அவளுக்குக் கண்ணானேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுப்படம் பார்த்தோம். அந்தப் படத்தில் பேய் நிஜமான பேய். சித்தப்பா யாரும் இல்லை. வெளியே வரும்போது நான் தெருவில் நின்று சிரித்தேன். ஒரு குறைதான் எனக்கு. கிணற்றுக்குள் இருந்தவளின் முகத்தை இடைவேளைக்கு முன்பே காட்டிவிட்டார்கள். பவுடர் பூசிய அழகான முகம். முகத்தைப் பார்த்தபிறகு அவள் எங்களுக்குத் தெரிந்தவளாகிவிட்டாள். தெரிந்தவளிடம் என்ன பயம்?

ஒரு வருஷம் கழித்து அதே கதையைத் தமிழில் எடுத்தார்கள். எங்கள் பள்ளி ஆசிரியைகள் கேட்டார்கள். "பார்த்த கதைதானே டீச்சர், திரும்பவும் எதுக்குக் காசு கொடுத்துப் பாக்கணும்?" நான் அவர்களிடம் திருவிழாக் கூத்தைச் சொன்னேன். வருஷா வருஷம் அதே கதைதான். யார் சாகப்போகிறார்கள் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் இந்த வருஷம் சுடுகாட்டுக் காட்சியில் யார் வேஷம் கட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் ஜனம் பாயோடு போகிறது. முதல் தரம் சொன்னவன் விட்டுவிட்டதை ரெண்டாவது சொல்கிறவன் பிடித்துவிடலாம். அந்த முகத்தை மட்டும் முன்னாலேயே காட்டாமல் இருந்தால் போதும் என்பது என் பிரார்த்தனை.

படம் வெள்ளிக்கிழமை வெளியானது. சனிக்கிழமை மேட்னிக்கு நானும் அக்காவும் போனோம். ஆண்கள் கவுண்டரில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கவுண்டர் மூடியிருந்தது. சாக்பீஸால் எழுதிய ஒரு பலகை தொங்கியது. 'இப்படத்துக்குப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் டிக்கெட் கிடையாது.'

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா டீச்சர், போயிரலாம். எல்லாரும் பாக்குறாங்க."

நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அக்கா வாசலிலேயே நின்றாள். மேனேஜர் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வாரா வாரம் போகிற என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிறாதீக. நேத்து மொத ஆட்டத்துல ஒரு பூக்காரம்மா மயக்கம் போட்டு விழுந்துருச்சு. குதிரைவண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நாளப்பின்ன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்?"

"ஆம்பள யாராச்சும் மயக்கம் போட்டா ஆம்பளக் கவுண்டரையும் மூடுவீகளா?"

"ஆம்பளைங்க எங்கம்மா மயக்கம் போடுறான்?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வேணும்னா வீட்டு ஆம்பள யாரையாச்சும் கூட்டியாங்க. அவுக பொறுப்புல உள்ள விடுறேன்."

எனக்குச் சம்பளம் வாங்கத் தெரிகிறது. அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் தெரிகிறது. படம் பார்க்க மட்டும் என் வயதான அப்பா வந்து பக்கத்தில் உட்கார வேண்டுமா? அவரோ படம் தொடங்கிய பத்தாவது நிமிஷம் குறட்டை விடுகிறவர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மனிதர் முன்னால் அது வந்துவிட்டதே என்று இன்னும் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா திடீரென்று நின்றாள். "டீச்சர், மயங்கி விழுந்தவ பூக்காரின்னுதானே சொன்னான்? பூ மார்க்கெட்ல போய்க் கேட்டா யாருன்னு தெரியாதா?"

பயங்கொள்ளி என்று நான் நினைத்திருந்தவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போனோம். மல்லிகையும் கனகாம்பரமும் கோணியில் குவிந்து கிடந்தன. முதலில் கேட்ட ஆளே கையை நீட்டி ஒருத்தியைக் காட்டினார். நாற்பது வயதிருக்கும். கட்டுமஸ்தான உடம்பு, வெற்றிலை போட்ட வாய். தராசைப் பிடித்திருந்த கையில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ஏம்மா, நான் பள்ளிக்கூட டீச்சர். பேய்ப்படத்துல பயந்து விழுந்தது நீங்கதானா?" என்று கேட்டேன்.

தராசைக் கீழே வைத்தாள். "எவன் சொன்னான் பயந்து விழுந்தேன்னு? டீச்சரு, எங்க பூக்காடு எங்கிட்டு இருக்கு தெரியுமா? சுடுகாட்டுக்கு அடுத்த வரப்பு. கோழி கூப்புடுறதுக்கு மின்னாடி அரிக்கேன் வெளக்கத் தூக்கிக்கிட்டு ஒத்தையாப் போயி பூப்பறிக்கிறவ நானு. பத்துப் பன்னெண்டு வருசமாப் பறிக்கிறேன். எனக்கு வெள்ளச் சீலை கட்டின பொம்மையப் பாத்தா பயம் வரும்?"

"பிறகு ஏன் விழுந்தீங்க?"

"வெள்ளிக்கிழம வெரதம். பச்சத்தண்ணி பல்லுல படல. அந்தக் கொட்டாயில பொம்பளப் பக்கம் காத்தாடி ஒண்ணாச்சும் சுத்துதா? அம்புட்டும் ஆம்பளப் பக்கம்தான் சுத்துது. அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சு. கண்ண இருட்டிருச்சு. அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டு என் முழங்கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். குரல் இறங்கியது. "ஏந்தாயி, நீ படம் பாத்தியா? அந்தக் கெணத்துக்குள்ள யாரு இருந்தா? நான் பலகை நகருறதோட விழுந்துட்டேன். ரெண்டு ராத்திரியாத் தூக்கமில்ல. கேக்குறவன் எல்லாம் ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான்."

இந்திப் படத்தில் யார் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். வாய் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பார்க்காதவர்களிடம் முடிவைச் சொல்வது பாவம் என்று நினைக்கிறவள் நான். "சொல்ல மாட்டேன்மா. நீங்களே உக்காந்து பாக்கணும். அதுக்கு வழி பண்ணுவோம்" என்றேன்.

அன்று மத்தியானமே மூவரும் மேனேஜர் முன்னால் போய் நின்றோம். பூக்காரம்மாவைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். அவள் விரதத்தையும் காத்தாடியையும் பற்றி ஊரே கேட்கும்படி சொன்னாள். வெளியே டிக்கெட்டுக்கு நின்ற ஆண்கள் ஜன்னலில் எட்டிப்பார்த்தார்கள். காத்தாடி மோட்டார் புகைந்துபோய்ப் பல மாதம் ஆயிற்று என்று அவர் ஒப்புக்கொண்டார்.

"சரி டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. நான் என்ன செய்யட்டும்?"

"வர்ற சனிக்கிழம மேட்னி. பெண்களுக்கு மட்டும். ரெண்டு பக்கமும் நாங்கதான் உக்காருவோம்."

"பொம்பளைங்க பேய்ப்படத்துக்கு வருவாகளா? கொட்டாய் நெறையணுமே. ஞாயித்துக்கெழமையோட படப்பொட்டி பழனிக்குப் போகுது. கடைசிச் சனிக்கெழம அது."

"நெறைச்சுக் காட்டுறேன்" என்று சொன்னது அக்கா. துப்பட்டிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலை நானே திரும்பிப் பார்த்தேன்.

மேனேஜர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடியும் செருகினார். "நெறைச்சுக் காட்டுங்க. காத்தாடிய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அந்த ஒரு வாரம் நான் நடந்த நடை கொஞ்சமல்ல. பூக்காரம்மா மார்க்கெட்டைப் பார்த்துக்கொண்டாள். பூ கொண்டுவரும் கிராமத்துப் பெண்கள், காய்கறிக் கூடைக்காரிகள், சுருட்டுச் சுற்றப் போகிறவர்கள் எல்லாரும் அவள் பொறுப்பு. அக்கா வீடு வீடாகப் போனாள். தோல் வியாபாரிகள் வீட்டுப் பெண்கள், பிரியாணிக் கடைக்காரர் வீட்டு மருமகள்கள். "பேய்ப்படமா? வீட்ல சம்மதிக்க மாட்டாக" என்றவர்களிடம் அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஆம்பள ஒருத்தர்கூட உள்ள இருக்க மாட்டாங்க. இதைவிடப் பத்திரமான இடம் ஊர்ல எது?" அதைக் கேட்ட கணவர்கள் டிக்கெட்டுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார்கள். அவளுடைய கணவர் அப்போது மெட்ராஸில் இருந்தார். "வந்ததும் சொல்லிக்கிறேன்" என்றாள்.

நான் ஆஸ்பத்திரி நர்சுகளையும் மற்றப் பள்ளி ஆசிரியைகளையும் பிடித்தேன். புதன்கிழமை எங்கள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். எதிரே வருகிறார் என்றால் நாங்கள் சுவரோடு ஒட்டி நடப்போம். அப்படிப்பட்டவர். அறைக்குள் போனேன். நிமிராமலே கேட்டார்.

"பேய்ப்படத்துக்கு ஆள் சேர்க்கிறதா கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க மேடம்."

"டீச்சர் உத்தியோகத்துல இருந்துக்கிட்டு."

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று மனசு ஓடியது. அவர் மெல்ல நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தூரப்பார்வை சரியில்ல. முன்வரிசையில ஒரு இடம் போட்டு வைங்க."

சனிக்கிழமை வந்தது. மேட்னிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். யாரும் வராமல் போனால் அந்தப் பென்சில்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தெருமுனை திரும்பியதும் நின்றுவிட்டேன். தியேட்டர் வாசலில் குதிரைவண்டிகள் வரிசையாக நின்றன. ரெண்டு மாட்டுவண்டிகளிலிருந்து கிராமத்துப் பெண்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டிகளுக்கு நடுவே சுங்குடிச் சேலைகள், நர்சுகளின் வெள்ளை உடுப்பு, தலை நிறைய மல்லிகை. பெண்கள் கவுண்டர், ஆண்கள் கவுண்டர் இரண்டிலும் பெண்கள். பலகையில் சாக்பீஸ் எழுத்து மாறியிருந்தது. 'இன்று மேட்னி பெண்களுக்கு மட்டும்.' எதிரே டீக்கடையில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். உள்ளேயிருந்து வரப்போகிற அலறலைக் கேட்டுச் சிரிக்கக் காத்திருந்தார்கள்.

உள்ளே காத்தாடிகள் ஓடின, ரெண்டு பக்கமும். மேனேஜர் முன்ஜாக்கிரதையாக ஒரு பெட்டி சோடாவும், மயக்கம் போடுகிறவர்களைக் கொண்டுபோக ஒரு குதிரைவண்டியும் தயாராக வைத்திருந்தார். பூக்காரம்மா நடு வரிசையில் உட்கார்ந்தாள். வரும்போதே நாலு இட்லியை முழுங்கிவிட்டு வந்ததாக எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். தலைமையாசிரியை முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், வகுப்பை மேற்பார்வை பார்க்க வந்தவர்போல.

படம் தொடங்கியது. பங்களாவுக்குப் பதில் தேயிலை எஸ்டேட். வேண்டாத இடத்தில் ஒரு நகைச்சுவை, அதற்கு ஒரு பாட்டு. இதெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிணறு வந்தது. ஈரக் காலடிகள் வந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைக் காட்டுவார்களா? காட்டவில்லை. கூந்தல் சொட்டும் தண்ணீரை மட்டும் காட்டினார்கள். இடைவேளை வந்தது. அப்போதும் காட்டவில்லை. நான் அக்காவின் தோளை இறுகப் பிடித்தேன். "நல்லா எடுத்திருக்கான் அக்கா. அந்தப் படத்தைவிட நல்லா எடுத்திருக்கான்."

"எனக்கென்னா தெரியும், நான் எங்க பாத்தேன்?" என்றாள் துப்பட்டிக்குள்ளிருந்து.

இடைவேளைக்குப் பிறகு, பலகை நகர்கிற அந்தக் காட்சியில் பிலிம் அறுந்துவிட்டது. திரை வெளுத்து, பிறகு எல்லாம் இருட்டு. இருட்டில் பூக்காரம்மாவின் குரல் எழுந்தது. "ஏலே ஆப்பரேட்டரு! வெரசா ஒட்டுடா! போன வாட்டி இந்த எடத்துலதான் விழுந்தேன், இன்னைக்கும் காட்டாமப் போயிராத!"

கொட்டகையே சிரித்தது. தலைமையாசிரியை சிரித்ததை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். படம் திரும்ப வந்தபோது பயமும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஆனால் அது எல்லாரும் சேர்ந்து பங்குபோட்டுக்கொண்ட பயம். திரையில் கதாநாயகன் கிணற்றை எட்டிப்பார்க்கப் போனபோது, "போகாதய்யா!" என்று ஒருத்தி கத்தினாள். "போகட்டும், அப்பத்தான தெரியும்!" என்று இன்னொருத்தி பதில் சொன்னாள்.

பிறகு நான் பயந்தது நடந்தது. தமிழில் மாற்றிவிட்டார்கள். கிணற்றுக்குள் இருந்தது ஒரு சித்தப்பா. நனைந்த சேலையும் பொய்முடியுமாக அவன் வெளியே இழுக்கப்பட்டான். போலீஸ் ஜீப் வந்தது. கொட்டகை முழுக்க ஒரு பெருமூச்சு. "அட சீ, இவனா!" என்றாள் பூக்காரம்மா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொடைரோட்டில் அழுதுகொண்டே வீடு திரும்பிய பெண்ணாகவே மறுபடியும் ஆகிவிட்டேன்.

அக்கா என்னை உலுக்கினாள். "டீச்சர். கண்ணத் தொற. பாரு."

அவள் துப்பட்டியை விலக்கி, விரியத் திறந்த கண்களோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் போய்விட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். காலி முற்றம். கிணற்றின் மேல் பலகை. அந்தப் பலகை நகர்ந்தது. யாருமில்லாத தரையில், ஒவ்வொன்றாக, ஈரக் காலடிகள் பதிந்துகொண்டே எங்களை நோக்கி வந்தன. ஒரு காலடி, இன்னொரு காலடி, இன்னும் ஒன்று. திரையின் விளிம்பில் வந்து நின்றன. அதோடு படம் முடிந்தது.

அந்தச் சத்தத்தை நான் வாழ்நாளில் மறுபடி கேட்டதில்லை. அலறல், கைதட்டல், விசில் எல்லாம் ஒன்றாக. ஆமாம், விசில். சுருட்டுச் சுற்றும் பெண் ஒருத்தி ரெண்டு விரலை வாயில் வைத்து அடித்தாள். பூக்காரம்மா எழுந்து நின்று மடியிலிருந்த உதிரிப்பூவை அள்ளித் திரையின் மேல் வீசினாள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "நான் பாத்தேன் டீச்சர், நானே பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்த இந்திப் படமும் கொடுக்காததை, பார்த்த கதைதானே என்று எல்லாரும் ஒதுக்கிய அந்த இரண்டாவது படம் கொடுத்துவிட்டது.

ஒருத்தியும் மயங்கி விழவில்லை. சோடாப் பெட்டியை மேனேஜர் வாசலில் வைத்து விற்றுத் தீர்த்தார். காத்திருந்த குதிரைவண்டியில் தலைமையாசிரியை ஏறி வீட்டுக்குப் போனார். டீக்கடை ஆண்கள் நாங்கள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் துணிந்து, "ரொம்பப் பயமாங்க?" என்று கேட்டான். "போய்ப் பாருய்யா. ஆனா தொணைக்கு வீட்டுப் பொம்பளையக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள் பூக்காரம்மா.

அதன்பிறகு எந்தப் படத்துக்கும் பெண்கள் கவுண்டரை அங்கே மூடவில்லை. பேய்ப்படம் வந்தால் ஒரு மேட்னி எங்களுக்கு என்பது வழக்கமாயிற்று.

அடுத்த வருஷம் ஒரு நாள் சுவரெல்லாம் போஸ்டர். எங்கள் கிணற்றுப் படத்தின் 'இரண்டாம் பாகம்' என்று துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. எனக்குச் சந்தேகம். முடிந்த கதைக்கு வால் ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்காது. அந்தக் காலடிகள் திரையின் விளிம்பில் நின்றதுதான் அழகு. அதற்குமேல் அவற்றை நடக்கவிட்டால் எங்கே போகும்? ஆனாலும் போனேன். எல்லாரும் போனோம். முப்பது பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தாள் பூக்காரம்மா.

படத்தில் காடு வந்தது, குரங்குவேஷம் போட்ட ஒருவன் வந்தான். உதட்டசைவு ஒன்று, பேச்சு ஒன்று. எங்கிருந்தோ கொண்டுவந்து தமிழில் குரல் கொடுத்த பழைய படம். அரை மணி நேரம் பொறுத்தோம். பிறகு நடு வரிசையிலிருந்து வழக்கமான குரல். "ஏலே, கெணறு எங்கடா?"

"கெணறு எங்க?" என்று பின்னால் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க ஒரே குரலாகக் கேட்டது, "கெணறு எங்க? கெணறு எங்க?" படத்தை நிறுத்தினார்கள். மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தத் துண்டுத்தாளை எழுதி ஒட்டியது தானேதான் என்று ஒப்புக்கொண்டார். "பேய்ப்படம்னா நீங்க எப்படியும் வருவீகன்னு ஒரு நம்பிக்கை" என்றார் பாவமாக.

நான் எழுந்தேன். இந்த முறை கண்ணில் தண்ணீர் இல்லை. "நாங்க வருவோம் சார். ஆனா ஏமாத்துனா வர மாட்டோம். இதே டிக்கெட்டுக்கு வர்ற சனிக்கிழம அந்தக் கிணத்துப் படத்தையே திரும்பப் போடுங்க."

படப்பெட்டி அப்போது நெய்க்காரப்பட்டியில் ஒரு டெண்டுக் கொட்டகையில் இருந்தது. அவர் ஆளனுப்பி வரவழைத்தார். மறுபடியும் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். முடிவு எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா வந்தபோது யாரும் பெருமூச்சு விடவில்லை, அடுத்து வரப்போவதற்காகச் சிரித்தபடி காத்திருந்தோம். முதல் தரம் நான் கண்ணை மூடித் தவறவிட்ட ஜீப் போய் முற்றம் காலியாகும் கணத்தை இந்தத் தரம் முழுசாகப் பார்த்தேன். அக்கா ஒரு தடவைகூட முகத்தை மூடவில்லை. அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டென்றால் அது அந்தச் சனிக்கிழமைதான்.

வெளியே வரும்போது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே பேய்ப்படம் வந்தா நோட்டீஸ நீங்களே எழுதிக் குடுத்துருங்க டீச்சரம்மா. நான் எழுதுனா பொய்யா வந்துருது."

அச்சில் வந்த என் முதல் எழுத்து அப்படித்தான் வந்தது. பிறகு நான் கதைகள் எழுதினேன், புத்தகங்களும் வந்தன. ஆனால் முதலில் அச்சானது ரோஸ் நிறத் தாளில் நாலே வரி. கையெழுத்துக்கூட இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேண்டு அடித்துக்கொண்டு நோட்டீஸ் வண்டி எதிரே வந்தது. பறந்து விழுந்த ஒரு தாளை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்ற ஒரு விவசாயி எடுத்து, படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"பேய் உண்டு. இடைவேளைக்குப் பிறகுதான் வரும். பொறுமையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏமாற்றம் இராது. முடிவை வெளியே சொல்லாதீர்கள்."

"எழுதுனவன் யோக்கியன்போல" என்றார் விவசாயி. நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சனிக்கிழம வீட்டுல எல்லாரையும் கூட்டியாந்துர வேண்டியதுதான்" என்றார். எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் துடித்தது. பள்ளி மணி அடித்துவிட்டது. அன்றைய முதல் பாடத்தைத் தலைமையாசிரியையே வந்து நின்று கேட்கும் அளவுக்கு உரக்க நடத்தினேன்.